நக்லே வீட்டு வால்வு ஆம்ப்ளிஃபையர்

"பதினஞ்சு வருஷமா வாயைத் திறக்காத பெட்டிக்காக என் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா? ஏற்கெனவே ரெண்டு மாப்பிள்ளைங்க ஓடிட்டாங்க!" நக்லேயின் மனைவி வதாத்தின் சத்தம் பெய்ரூட்டின் அந்தத் தெருவுக்கே கேட்டது.

"எங்கப்பா வாங்கின வால்வு ஆம்ப்ளிஃபையர் அது! அதைப் பாட வைக்கத் தெரியாதவன் என்ன இன்ஜினியர்?" என்றார் நக்லே.

மகள் ரூலாவைப் பெண் கேட்டு வந்திருந்த இன்ஜினியர் ஃபாரிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், மூன்று வாரத்தில் பளபளவென்று திரும்பக் கொண்டுவந்தான். பல்பு மாதிரி இருந்த கண்ணாடி வால்வுகள் தணலாய் ஒளிர்ந்தன. பாட்டு கிளம்பியது.

நக்லே கண்களை மூடிக்கொண்டார். "கேட்டியா வதாத்? என்ன கனமான குரல்! இந்தக் காலத்து சாமான் எல்லாம் தகர டப்பா."

"தகர டப்பாதான் மாமா" என்று ஃபாரிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, வால்வுகளும் கறுத்தன. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

வதாத் மெழுகுவர்த்தியோடு பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே மகளின் குட்டி புளூடூத் ஸ்பீக்கர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஃபாரிஸ் அவளைப் பார்த்து, சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சலாகத் தலையாட்டினான்.

வதாத் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"பாத்தியா பழைய சரக்கை!" இருட்டில் நக்லேயின் குரல் தழுதழுத்தது. "கரண்ட் போனாலும் பாடுது! மாப்பிள்ளை, தேதி குறிச்சிடலாம்."

ஜூனில் கல்யாணம் நடந்தது. ஜோடி துபாய்க்குக் குடிபோனது, ஸ்பீக்கரோடு. அதற்குப் பிறகு பெட்டி வாயே திறக்கவில்லை. ரூலாவைப் பிரிந்த ஏக்கம் அதற்கு என்று நக்லே பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.