இளவரசருக்கு இடுப்புல சுளுக்கு

காட்டுக்கு ராஜா ஒரு புலி. அவரு மகன், இளவரசன், மூணு மாசமா குகைய விட்டு வெளிய வரல. மனசு சரியில்ல, சும்மா இருந்தாலே அழுகை வருது. வெளிய ஒரே கேள்வி.

"இளவரசருக்கு இடுப்புல சுளுக்கு"ன்னு ராஜா அறிவிச்சாரு. மனசுன்னு சொன்னா மானம் போயிடுமாம்.

மறுநாளே கழுதை வந்து நின்னுச்சு. "நான் கால் முதல்ல வந்து பொறந்தவன். ஒரு ஒதை விட்டா எந்தச் சுளுக்கும் ஓடிரும். குப்புறப் படுங்க தம்பி."

வாசல்ல காடே எட்டிப் பாக்குது. குரங்குங்க மரத்துல எடமே புடிச்சிருச்சுங்க.

"வாய மூடிட்டு வாங்கிக்கடா"ன்னு ராஜா காதுல சொன்னாரு.

கழுதை பின்னங்கால ஓங்குச்சு.

"சுளுக்கெல்லாம் இல்லண்ணே"ன்னான் இளவரசன், எல்லாருக்கும் கேக்கற மாதிரி. "மனசுதான் சரியில்ல."

கழுதை கால எறக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துச்சு. "அதுக்கு ஒதைக்கக் கூடாது தம்பி. பேசுங்க, கேக்கறேன்."

அப்புறம் ராஜாவத் திரும்பிப் பாத்துச்சு. "ஏங்க, போன வருஷம் உங்களுக்கும் சுளுக்குன்னுதானே மூணு ஒதை வாங்கினீங்க?"

ராஜா இடுப்பத் தடவிக்கிட்டே மகன் பக்கத்துல வந்து உக்காந்தாரு.