மூன்றாம் ஆயுசு

"ஃபெர்மின் உயிரோட இருக்கானா?"

"நல்லா இருக்கான் ஐயா. ஹவானாவுல அவன் வேலை பார்க்கிற ராஜா கப்பலைப் பழுது பார்க்கிறாங்களாம். முடிஞ்சதும் வந்துடுவான்."

ஒவ்வொரு வருஷமும் புனித யோவான் திருநாளன்று தொன் பல்தசார் வாசலில் நின்று கேட்பார். விதவை யூசெபியா இதையே சொல்வாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

கம்பெச்சே என்ற துறைமுக ஊரின் தரும ஆஸ்பத்திரிக்குப் புண்ணியவான்கள் எழுதி வைத்த வீடுகளை நிர்வகிப்பது அவர் வேலை. ஒரு வீட்டை மூன்று பேர் ஆயுசுக்கு, ஒருவர் போனால் அடுத்தவர் என்று, வாடகைக்கு விடுவது அங்கே வழக்கம். யூசெபியாவின் வீட்டுக்கு முதல் ஆயுசு மாமனார், இரண்டாவது புருஷன், மூன்றாவது மகன் ஃபெர்மின். அவனும் போய்விட்டால் வீடு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். மருமகளாக வந்தவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

"வர்றான், வர்றான்னு எத்தனை வருஷமா சொல்றா! அவன் வர்றது கப்பல்லயா, ஆமை மேலயா?" என்று எதிர்வீட்டு ஹெர்த்ரூதிஸ் அவரிடம் சிரிப்பாள். பல்தசார் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இந்த வருஷம் அவர் கேள்வி கேட்கவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில ஒரு மாலுமி காய்ச்சலோட கிடக்கான். ஃபெர்மின் போன அதே கப்பல்ல போனவனாம். அது எப்பவோ புயல்ல முழுகிடுச்சு, ஃபெர்மினும் அதோட போயிட்டான்ங்கிறான்."

யூசெபியா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கரை சேர்ந்த கையோட உங்ககிட்ட வந்து சொன்னேன்னு வேற சொல்றான். நிஜமா?"

"நிஜம்தான் ஐயா."

"தெரிஞ்சேவா என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னீங்க? அங்க கட்டில் வாங்க வழியில்லாம நோயாளிங்க தரையில கிடக்காங்க. இந்த வீட்டைப் புது வாடகைக்கு விட்டிருந்தா..." ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் கையை நீட்டினார். "ஏழைங்க வயித்துல அடிச்சுட்டீங்களே அம்மா!"

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அந்தப் பையன் ஆஸ்பத்திரியில கிடக்கான்னு கேள்விப்பட்டதுமே மூட்டை கட்டிட்டேன். தங்கச்சி சான் ரொமான்ல இருக்கா. அவ குடிசையில எனக்கு எப்பவும் ஒரு மூலை உண்டு."

"போக இடம் இருந்துமா இந்த வீட்டு மேல இவ்வளவு ஆசை?"

"வீட்டு மேல என்ன ஐயா ஆசை? மழை வந்தா அடுப்படி பூரா ஒழுகுது."

"பின்னே எதுக்கு இந்தப் பொய்?"

யூசெபியா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அழுவேன்னு தங்கச்சி அவன் பேரையே எடுக்க மாட்டா. எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறதுக்குத்தான் எடுப்பா. நீங்க ஒருத்தர்தான் வருஷத்துக்கு ஒருநாள் வந்து, உயிரோட இருக்கிறவனை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பீங்க. நல்லா இருக்கான்னு நானும் ஒருதடவை வாய் நிறையச் சொல்லிக்குவேன். அந்த ஒரு நாளுக்காக வருஷம் பூரா ஏங்கிக் கிடப்பேன் ஐயா."

பல்தசார் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். ஆனாலும் சாவியைத் திருப்பித் தரவில்லை. ஆஸ்பத்திரிச் சொத்தில் தாராளம் காட்ட அவர் யார்?

ஒழுகலைச் சரிசெய்ததும் ஹெர்த்ரூதிஸின் மருமகனே கூடுதல் வாடகைக்கு வந்துவிட்டான். அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டில்கள் வந்தன. பல்தசாருக்குத்தான் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்தது.

மறு வருஷம் புனித யோவான் திருநாள் வந்தது.

எல்லா வீடுகளையும் பார்த்து முடித்த பல்தசார், நல்ல வெயிலில் சான் ரொமானுக்கு நடந்தார். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

ஓலைக் குடிசை வாசலில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்த யூசெபியா நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய அதிகாரக் குரலிலேயே கேட்டார்.

"ஃபெர்மின் உயிரோட இருக்கானா?"