நடுப்பாலத்தில் இருவர்

ஆற்றுப்பாலத்தின் ஒரு பாதியை இடித்துக் கட்டினார்கள். மறுபாதியில் வண்டிகள் இருபக்கமிருந்தும் மாறி மாறிப் போய்வந்தன. பாலம் வளைந்திருந்ததால் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. அதனால் கடைசி வண்டியில் பச்சைக்கொடியைக் கொடுத்தனுப்புவார்கள்; அது வந்து சேர்ந்தால்தான் மறுபக்கம் வண்டிகளை விடலாம். அன்று ஒரு முனையில் காவல் நின்ற செல்வமேரி ஒரு லாரியில் கொடியை அனுப்பி வெகுநேரமாகியும் எதிரிலிருந்து எதுவும் வரவில்லை. அவள் பக்கம் நின்ற பஸ்ஸில் பரீட்சைக்குப் போகும் பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். அவள் பாலத்தில் இறங்கி நடந்தாள். நடுவில், மறுமுனைக் காவலர் ஆவுடையப்பன் வெறுங்கையோடு எதிரே வந்தார். இருவரும் முகம் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"கொடி வரலியே, தாயி?"

"லாரிக்காரன் கொண்டுபோயிட்டான் போல அண்ணாச்சி. இப்ப உங்க முறைதான். ஆனா என் பக்கம் பரீட்சைப் பிள்ளைங்க நிக்குது."

தன் பக்கம் காத்துநின்ற வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்ஸ விடு. ஏச்செல்லாம் நான் வாங்கிக்கிடுதேன்."

அவள் ஓடிப்போய்க் கையசைத்தாள். பஸ் மெல்ல ஊர்ந்து வந்தது. ஆவுடையப்பன் இரு கைகளையும் அகல விரித்தபடி, அந்த ஹாரன் சத்தத்தை நோக்கி பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்.