எதிர்ச்சுற்று

பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் பாய், பாதி வெளியே வந்ததும் மரத்தின் நீளப் பிளவில் சிக்கிக்கொண்டது. படகு பாறைகள் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. தனிஸ்லாஸ் பாயை விரிக்கும் கைப்பிடியை வழக்கம்போல் வலப்பக்கமாகச் சுற்றினான். பாய் இன்னும் இறுகியது. பிளவில் கண்ணை வைத்துப் பார்த்தான். யாரோ அதை எதிர்ப்பக்கமாகச் சுருட்டியிருந்தார்கள். அவன் ஒருநாளும் அப்படிச் சுருட்டியதில்லை. போன மாதத்துக்குப் பிறகு படகை யாரும் எடுக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தான். படகுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவனிடம், மற்றது பின்னால் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்த மனைவி பியூலாவிடம்.

“இடப்பக்கமா சுத்துங்க, வந்துரும்,” என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி.

சுற்றினான். பாய் வழுக்கிக்கொண்டு வந்து காற்றை வாங்கியது. பாறைகள் விலகின. அவன் கைப்பிடியை விடாமல் நின்றான். உள்ளே பார்த்ததை அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.