ரத்தத்திலேயே இருக்கு

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண நாடாதான். அதைச் சாமிதுரையின் நெற்றியில் சுற்றி, தாடையில் ஓட்டி, காதுவரை அளந்து முடித்தார் இன்ஸ்பெக்டர். பொங்கல் சட்டைக்குக்கூட அவனை யாரும் இத்தனை அக்கறையாக அளந்ததில்லை.

“பார்த்தீங்களா மிராசுதார்? காது மடல் ஒட்டியிருக்கு, தாடை அகலம். பொறக்கும்போதே குற்றவாளிங்க இவன். வெள்ளைக்காரன் ஆராய்ச்சி பண்ணி எழுதி வெச்சிருக்கான்.”

ஸ்டேஷன் போர்டில் ‘தமிழ்நாடு’ என்று புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே என்னவோ வெள்ளைக்காரன் புத்தகம்தான் சட்டம்.

நாற்காலியில் அமர்ந்திருந்த மிராசுதார் சிங்காரவேலு சிரித்தார். அவருடைய வைக்கோல் போர் களத்தில் எரிந்துபோயிருந்தது. கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவன் சாமிதுரை. வேறு சாட்சி எதற்கு?

வாசலில் நின்ற அம்சம் கையெடுத்துக் கும்பிட்டாள். “எம்மவன் அன்னைக்குத் திருவாரூர் தேருக்குப் போயிருந்தான்யா. எங்க தெருவே கூடப் போச்சு.”

“மூஞ்சியே சாட்சி சொல்லுது. நீ என்னம்மா சொல்றது?”

யாரைச் சாட்சிக்கு அழைத்து வந்தாலும் பிள்ளையின் முகத்தை மாற்ற முடியாதே! அம்சம் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

“இது ரத்தத்துலயே இருக்கு. அப்பனையும் அளந்து சேர்த்து எழுதினா கேஸ் கல்லாட்டம் நிக்கும். கூப்பிடுங்க அவனை” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அப்பனெல்லாம் எதுக்குங்க? பையனை மட்டும் எழுதிக்குங்க” என்றார் மிராசுதார்.

பரவாயில்லை, மனுஷனுக்குக் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று அளவுகளை எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நினைத்துக்கொண்டார்.

“வேணாம்யா...” என்று அம்சம் தடுப்பதற்குள் வெளியே நின்ற அவள் புருஷன் இளையபெருமாள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நாடா அவர் தலையையும் சுற்றியது.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். மறுபடியும் அளந்தார். ஒடுங்கிய தாடை, காது மடல் தனியாகத் தொங்கியது.

“ஒண்ணுகூடப் பொருந்தலையே! அப்புறம் இவனுக்கு எங்கேருந்துய்யா வந்துச்சு?”

அம்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மகனையும் பார்க்க முடியவில்லை, புருஷனையும் பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

இளையபெருமாள் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

“ஆளை மாத்தி அளந்துட்டீங்கய்யா. மிராசுதாரை அளங்க.”