இரண்டு நாள் அவகாசம்

மாலை ஐந்து மணிக்குள் இறுதிக் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அவன் காலையில் சட்டைகளைத் துவைத்தான். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் கீபோர்டைத் தேய்த்தான். மதியம் தூங்கி எழுந்தபோதும் திரையில் தலைப்பு மட்டுமே இருந்தது.

"சார்கிட்ட ரெண்டு நாள் டைம் கேட்கப்போறேன்" என்றான் அறைத்தோழனிடம்.

"என்ன சொல்லிக் கேட்ப? போன தடவை தாத்தாவை முடிச்சுட்ட. அதுக்கு முந்தி சித்தப்பாவை."

"அப்பா பாக்கி இருக்காரே."

"அடப்பாவி, கொன்னுடாதடா!"

"சேச்சே, ஆஸ்பத்திரியில சேர்க்கறதோட சரி."

பேராசிரியரின் அறையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டான்.

"சார், அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. ரொம்ப சீரியஸ். ரெண்டு நாள் டைம் வேணும்."

பேராசிரியர் சட்டென்று எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"உனக்கு யாருப்பா சொன்னது? கட்டுரையைக் கொடுக்கற வரைக்கும் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு உங்கம்மா காலையிலயே போன்ல கெஞ்சினாங்களே. நீ எப்ப கொண்டு வருவேன்னு நானும் வாசலையே பார்த்துட்டிருந்தேன். இப்போ அப்பா எப்படி இருக்கார்?"