சத்தமில்லாத விசிறி

ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சத்தமே இல்லாமல் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தன் முழு பலமும் அவ்வளவுதான் என்று அது நம்பியிருந்தது.

ஒருநாள் பெட்டியின் சொந்தக்காரி ரோஸ்லின், கம்ப்யூட்டரின் அடிப்படை இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸ் சில்லில் கம்பெனிக்காரர்கள் எழுதிவைத்த கட்டளைகளை அழித்துவிட்டு, வேகத்துக்குப் பூட்டுப் போடாத புதுக் கட்டளைகளை ஏற்றினாள். இனியும் அவளுடைய வீடியோ வேலை ஓடாவிட்டால் பெட்டி காயலான் கடைக்குத்தான் போகும்.

பிராசசர் குஷியாகப் பாய்ந்தது. கொஞ்ச நேரத்திலேயே சூடேறி மயங்கியது. திரை கறுத்தது.

"வயசான காலத்துல உனக்கு எதுக்குடா இந்த ஓட்டம்?" என்றது விசிறி.

"நான் ஓடுவேன். நீதான் காத்தே தரலையே."

"என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

பயாஸ் சில்லு தயங்கித் தயங்கிச் சொன்னது. "அண்ணே, அது உங்க வேகமில்ல. சத்தம் வரக்கூடாதுன்னு கம்பெனி வச்ச வேகம். அந்தப் பூட்டும் இன்னைக்குப் போயிடுச்சு. நீங்கதான் பழக்கத்துல அப்படியே சுத்துறீங்க."



ரோஸ்லின் மறுபடி பொத்தானை அழுத்தினாள். பிராசசர் ஓடத் தொடங்கியது. விசிறி கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கூட்டியது. இறக்கைகளில் படிந்திருந்த தூசியெல்லாம் பறந்தது. ரோஸ்லின் தும்மினாள்.

"அப்பப்பா, என்ன சத்தம்" என்றது பிராசசர், வேலையை நிறுத்தாமலே.

"பேசாம ஓடுடா" என்றது விசிறி. "என் சத்தத்தை நானே இப்பத்தான் கேக்குறேன்."